ஆலை ஓசையும் நூலக அமைதியும்: திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

நூலகம் என்ற அளவில் நம் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று நூல், மற்றொன்று அமைதி. 'அமைதி காக்க' என்னும் அறிவிப்புப் பலகை இல்லாத பொது நூலகம் தமிழ்நாட்டில் அரிது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அந்நிலை மாறி வருகின்றது. வாசகர் வட்டக் கூட்டங்கள், சிறுவர் கதைநேரம், போட்டித் தேர்வுப் பயிற்சி, நூல் வெளியீடு எனப் பல நிகழ்ச்சிகள் நூலகங்களிற் புகுந்துள்ளன. இதனைக் கண்டு, 'நூலகத்தின் பழைய இயல்பு கெட்டது' என்று வருந்துவார் ஒரு சாரார். 'பேச்சற்ற நூலகம் உயிரற்றது. காலத்துக்கேற்ப மாறுதலே முறை' என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டாராயினும் ஒன்றில் உடன்படுகின்றனர். அமைதி பழையது, ஓசை புதியது என்பதே அது.

இவ்வெண்ணம் தமிழக வரலாற்றுக்குப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொழிலின் ஓசை பகலிரவாக நிலவும் ஊர்கள் தமிழ்நாட்டில் சில. அவற்றுள் திருப்பூரும் அதனைச் சூழ்ந்த பல்லடம், மங்கலம், அவிநாசி முதலியனவும் தலையாயவை. ஓசை மிக்க இடத்திலேயே அமைதியின் மதிப்பை அளந்தறிதல் கூடும்.

1. படிப்பும் கேள்வியும்

தமிழில் நூல் பயிலுதலைக் குறிக்கும் சொற்களை முதற்கண் நோக்குவோம். 'ஓதுதல்' வாய்விட்டுச் சொல்லுதலைக் குறிப்பது. 'வாசித்தல்' என்பது பேசுதலைக் குறிக்கும் வடசொல்லடியாக வந்தது. நூலை வாசித்தல் என்றாற் போலவே குழலை வாசித்தல் என்றும் வழங்குகின்றோம். 'படித்தல்' என்னும் சொல்லோ இன்றும் பேச்சு வழக்கில் பாடுதலைக் குறிக்கும்; 'பாட்டுப் படித்தான்' என்பார் நாட்டுப்புறத்தார். நூற்பயிற்சி குரலோடு பிணைந்து கிடந்தமை இச்சொற்களாற் புலனாகும்.

நூற்சான்றும் கல்வெட்டுச் சான்றும் இதனையே வலியுறுத்துகின்றன. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். எழுத்தறியாதாரும் கேட்டறிதல் வாயிலாக அறிவு பெறுதற்கு உரியர் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கினை ஒதுக்குகின்றது. நூலும், அதனை வாசிப்பவரும், கேட்கும் மக்களும், அதற்கென ஒதுக்கிய பொருளும், ஓரிடமும் ஆகிய ஐந்தும் அங்கே அமைந்திருத்தல் காண்க. பொது நூலகத்துக்கு வேண்டிய உறுப்புகளுள் அங்கு இல்லாதது பேசாமை ஒன்றே.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை உடுக்கையொலியோடு பல இரவுகள் பாடப்பட்டு வந்தது. அச்சு வந்த பின்னரும் பெரிய எழுத்துக் கதை நூல்கள் தனித்திருந்து கண்ணாற் படித்தற்கன்றிக் கூட்டத்தில் இராகத்தோடு படித்தற்கே பெரிதும் பயன்பட்டன. புதினம் என்னும் இலக்கிய வகை பரவிய காலத்திலேயே வாய்க்குள் படிக்கும் வழக்கம் நடுத்தர வகுப்பாரிடையே வேரூன்றியது என்பதனை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். ஆகவே மௌன வாசிப்புத் தமிழகத்தில் மிகப் பழைய வழக்கன்று. பொதுமக்கள் வாழ்வில் அதற்கு நூறாண்டுக்குச் சிறிது மேற்பட்ட வயதே உண்டு.

ஊரின் ஓசையையும் நம் முன்னோர் இழிவாகக் கருதினாரல்லர். மதுரைக் காஞ்சி ஆசிரியர் அல்லங்காடியின் ஆரவாரத்தைப் பல்வகைப் பறவைகளின் ஒலியோடு ஒப்பிடுகின்றார். 'கம்பலை' என அவர் குறிக்கும் அவ்வோசை வளத்தின் அடையாளமாகவே அங்கு நிற்கின்றது.

2. படிப்பகங்களின் குரல்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கேள்வி மரபு புதிய உருக் கொண்டது. 1925-ஆம் ஆண்டு ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வார இதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதே காலத்தில் திருப்பூர் கதர் இயக்கத்தின் தலையாய நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடியால் உயிர் நீத்ததும் இவ்வூரிலேயே. அரசியல் உணர்வு இவ்வாறு பொங்கிய காலத்தில், எழுத்தறிந்தார் சிலராகவும் செய்தியறிய விழைந்தார் பலராகவும் இருந்தனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். தேநீர்க் கடை, முடி திருத்தகம், கட்சிப் படிப்பகம், தொழிற்சங்க அலுவலகம் ஆகியன நாளிதழ் ஓதும் இடங்களாயின. படித்தவற்றைப் பற்றிச் சொற்போரும் நிகழ்ந்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் அறிந்த முதற் படிப்பறை இவ்வாறு ஓசை நிறைந்த அறையேயாகும்.

பிற நாட்டாரிடத்தும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. கியூபா நாட்டின் அவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் வாசிப்போர் அமர்த்தப்பெற்றனர். தொழிலாளரே தம் ஊதியத்திலிருந்து பங்கிட்டு அவர்க்குக் கூலி தந்தனர். காலையில் செய்தித்தாளும் பின்னர்ப் புதினமும் படிக்கப்பட்டன. கேரளத்துக் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரிடையேயும், ஒருவர் படிக்கப் பிறர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றும் வழக்கம் இருந்தது. படிப்பவர்க்குரிய பீடியைப் பிறர் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தனர்.

இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இரண்டும் கைத்தொழில்கள், கை இயங்கும்போது காது ஓய்ந்திருப்பது. சுருட்டும் பீடியும் ஓசையின்றி உருவாவன. ஆதலின் தொழிற்கூடமே நூலகமாகவும் இருத்தல் இயன்றது. இனி நாம் காணப்போகும் தொழிலுக்கு அவ்வியல்பு இல்லை.

3. காதைக் கொண்ட தொழில்

1862-இல் நிறைவுற்ற சென்னை - பேப்பூர் இருப்புப் பாதை திருப்பூரைப் பருத்திச் சந்தையாக வளர்த்தது. பருத்தி அரைவை ஆலைகள் எழுந்தன. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. 1920, 1930-களில் திருப்பூரில் காலூன்றிய பனியன் நெசவு, விடுதலைக்குப் பின்னர் ஊரின் முதன்மைத் தொழிலாயிற்று. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிற்று. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2008-இல் திருப்பூர் மாநகராட்சியாகவும், 2009-இல் மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத் தொகுதியின் மக்கள் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்டனர்.

இவ்வளர்ச்சியோடு ஓசையும் வளர்ந்தது. பனியன் கம்பெனியில் பின்னல் எந்திரங்களும் 'பவர் டேபிள்' எனப்படும் தையல் எந்திரங்களும் வரிசை வரிசையாக இயங்குகின்றன. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பகுதிகளில் விசைத்தறிக் கூடங்கள் வீடுகளை ஒட்டியே அமைந்துள்ளன. ஓடம் பாயும் விசைத்தறிக் கூடத்தின் ஒலி 90 டெசிபலை எளிதிற் கடக்க வல்லது. எட்டு மணி நேரப் பணிக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லையும் 90 டெசிபலே. பேரொலியால் நேரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்படவேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதி நெசவாலைப் பெண்கள், தறியோசையில் குரல் எடுபடாமையால் உதட்டசைவாலும் முகக் குறிப்பாலும் பேசும் ஒரு மொழியையே உருவாக்கிக்கொண்டனர். உதட்டையே நோக்கிப் பேச வேண்டிய இடத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டல் எங்ஙனம் இயலும்? அவானாவிலும் கண்ணூரிலும் தொழிற்கூடத்துள் நுழைந்த நூல், நெசவுக் கூடத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. ஆலை ஓசை தொழிலாளரின் உழைப்பை மட்டும் கொள்ளவில்லை. அவருடைய கேள்விச் செல்வத்தையும் கொண்டது எனலாம்.

எனினும் அவ்வோசையைத் தீமை என்று ஒருதலையாகத் தள்ளுதற்கில்லை. எந்திரம் ஓடினால் ஊதியம், நின்றால் பட்டினி. 1984-இல் பஞ்சப்படி வேண்டிப் பனியன் தொழிலாளர் பல மாதம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போதும், 2011 சனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பெற்றபோதும், 2020-இல் பொது முடக்கத்தின்போதும் திருப்பூர் அமைதியாயிற்று. அவ்வமைதியை ஊரார் விரும்பினாரல்லர். மதுரைக் காஞ்சியின் கம்பலையைப் போலவே இங்கும் ஓசை வாழ்வின் அடையாளமாயிற்று. எனவே அமைதி என்பதற்கு இவ்வூரில் இரு பொருள் உண்டு. வேலையிழந்த நாளின் அமைதி ஒன்று. வேலை முடிந்தபின் விரும்பிப் பெறும் அமைதி மற்றொன்று. பின்னதைத் தரவல்ல பொது இடம் எது என்பதே நம் வினா.

4. சட்டம் தந்த நூலகம்

ஆலையும் பொது நூலகமும் ஒரே பகுதியிற் சேர்ந்து வளர்ந்த வரலாறு மான்செசுடரில் உண்டு. பிரித்தானியப் பொது நூலகச் சட்டம் 1850-இல் இயற்றப்பெற்றது. நகர மன்றங்கள் பவுனுக்கு அரைப்பென்னி வரி தண்டி நூலகம் நடத்தலாம் என்று அச்சட்டம் விதித்தது. அதன்படி 1852-இல் மான்செசுடர் நகர் தன் இலவச நூலகத்தைத் திறந்தது. அவ்விழாவில் டிக்கன்சும் தாக்கரேயும் கலந்துகொண்டனர். அந்நூலகம் அமைந்த கட்டடம் முன்னர் இராபர்ட்டு ஓவன் கொள்கையினர் சொற்பொழிவும் வாதமும் நிகழ்த்திய அறிவியல் மன்றம் என்பது குறிக்கத்தக்கது. தொழிலாளர் குரலெழுப்பிய கூடமே தொழிலாளர் அமைதியாகப் படிக்கும் கூடமாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1933-இல் பஷீர் அகமது சையது நூலக மசோதா ஒன்றைச் சட்டமன்றத்திற் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. பின்னர்ச் சீர்காழியிற் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முயற்சியும், கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆர்வமும் ஒன்று கூட, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொது நூலகச் சட்டம் இதுவே. கலைக்களஞ்சியம் வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் நிறுவிய அவ்வமைச்சர் 1903-இல் திருப்பூரிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிற்கும் நூலகம் வரக் காரணமான சட்டம் பனியன் நகர் ஈன்ற ஒருவரால் கொணரப்பெற்றது.

அச்சட்டத்தின் உயிர்நிலை நூலக வரி. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பைசு, அஃதாவது அரையணா, நூலகத்துக்கெனக் கூடுதலாகத் தண்டப்பெற்றது. பின்னர் அது பத்துப் பைசாவாக உயர்ந்தது. வரி கட்டடத்தைப் பற்றி வருவது. ஆதலின் பனியன் கம்பெனிக் கட்டடமும், பண்டசாலையும், தொழிலாளர் குடியிருக்கும் வீடும் அதற்கு உட்பட்டன. வாடகைக்கு இருப்போர் அவ்வரியின் சுமையை வாடகை வாயிலாகத் தாங்குகின்றனர். திருப்பூரில் நூலகம் ஊர்த் தொழிலின் வருவாயால் நடைபெறுவது. எனவே அத்தொழிலில் உழைப்பார்க்கு அதன்மீது உரிமை உண்டு. அதனை வள்ளன்மை என்று கருதுதல் பொருந்தாது.

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளையும் இங்குச் சிந்தித்தல் தகும். நூல்கள் பயன்படுத்தற்கு உரியன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகர் காலத்தைப் பேணுக. நூலகம் வளரும் உயிரி என்பன அவை. இவ்வைந்தனுள் அமைதியைப் பற்றி ஒன்றும் இல்லை. அமைதி நூலகத்தின் இலக்கணமாக வகுக்கப்படவில்லை. பயன் ஒன்றே வகுக்கப்பட்டது. எங்கு அமைதி பயன் தருமோ அங்கு அது வேண்டும். எங்குக் குரல் பயன் தருமோ அங்குக் குரல் வேண்டும் என்பதே அவ்விதிகளிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு.

5. அமைதி யாருக்கு?

திருப்பூர்த் தொழிலாளர் வாழ்வோடு இதனைப் பொருத்திப் பார்ப்போம். தொழிலாளர் பலர் குடியிருப்பது 'லைன் வீடு'. ஒரு சுவரை இரு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் அவ்வரிசை வீடுகளில் ஓரறையே சமையலறையும் படுக்கையறையும் ஆகும். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி இவ்வீட்டில் ஒலிக்கும். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் வேலை நாளை 'ஒன்றரை ஷிப்டு' என்று இவ்வூரார் வழங்குவர். அத்தகைய வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞனுக்கும் படிப்பதற்குரிய அமைதி வீட்டில் இல்லை; தெருவில் இல்லை; வேலை செய்யுமிடத்திலும் இல்லை. பொருளுடையார் தனியறையும் குளிர்காற்றும் தடித்த சுவரும் கொண்டு அமைதியை விலைக்கு வாங்கிக்கொள்வர். இன்று நகரங்களில் மாதக் கட்டணம் பெற்று இருக்கை தரும் தனியார் படிப்பறைகளும் தோன்றியுள்ளன. அமைதி விற்பனைப் பொருளாகிவிட்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இந்நிலையில் பொது நூலகத்தின் அமைதி, உயர்ந்தோர் வகுத்த ஒழுக்க விதியாக அன்றி, இல்லாதார்க்குரிய பொதுச் செல்வமாகவே கொள்ளத்தக்கது. ஏரியும் மேய்ச்சல் நிலமும் ஊர்ப் பொதுவாக இருந்தமை போன்றது இது. கிளை நூலகங்கள் வெள்ளியன்று விடுமுறை கொண்டு ஞாயிறன்று திறந்திருத்தல், வார ஊதியம் பெறும் தொழிலாளர்க்கு ஏற்ற நல்லேற்பாடு. ஆயின் நாள்தோறும் இரவு எட்டரைக்கு வேலை முடிப்பவர்க்கு மூடிய கதவே எதிர்ப்படுகின்றது.

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75 டெசிபல், அமைதிப் பகுதிக்கு 50 டெசிபல் என எல்லை வகுத்தன. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் முதலியவற்றைச் சூழ்ந்த நூறு மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். இவ்வாறு பெயர் சுட்டப்பெற்றவற்றுள் பொது நூலகம் இல்லை. உரிய அதிகாரி வேறிடங்களையும் அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்னும் வழி மட்டும் திறந்துள்ளது. உள்ளே 'அமைதி காக்க' என்று வாசகர்க்கு ஆணையிடும் நாம், வெளியே ஒலிபெருக்கிக்கும் ஊர்திக்கும் அவ்வாணையை இடவில்லை.

6. மாற்றமும் வழியும்

இனி மறுபக்கம். நூலகம் அமைதியொன்றையே பற்றி நின்றால் அதன் கதவு யாருக்கு அடைபடும்? எழுத்துக் கூட்டிப் படிப்பார்க்கு அடைபடும். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இவ்வூரில் உழைப்போருடைய குழந்தைகள் தமிழைச் செவி வழியாகவே முதலிற் பெறுகின்றனர். அவர்களுக்குக் கதைநேரமே நூலகத்தின் வாயில். பார்வையற்றார்க்கு ஒலிநூலும், படிக்கத் தெரியாத தாய்க்கு ஒருவர் படித்துச் சொல்லுதலும் வேண்டும். இவையனைத்தும் புதுமை என்று எண்ணுதல் வேண்டா. வள்ளுவர் கூறிய கேள்வி, கூரம் மண்டபத்துப் பாரதம், தேநீர்க் கடை நாளிதழ் என வரும் மரபின் தொடர்ச்சியே இவை. ஆலை ஓசை தொழிலாளரிடமிருந்து கொண்ட கேள்விச் செல்வத்தை அவர்க்கு மீட்டுத் தருதற்கு நூலகமே தக்க இடமாகும்.

ஆகவே நம் முன் நிற்பது பழமைக்கும் புதுமைக்கும் இடையே உள்ள போர் எனல் பொருந்தாது. குரல் பழைய உரிமை. அமைதி ஆலைக் காலத்தில் தோன்றிய உரிமை. இரண்டும் உழைப்பார்க்கு உரியன. ஒன்றைக் காக்கும் பொருட்டு மற்றொன்றை விலக்குதல் முறையன்று. ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்தலே பூசலுக்குக் காரணம். புதிய நூலகக் கட்டடங்களில் குரலுக்கொரு கூடமும் மௌனத்துக்கொரு கூடமும் சுவரிட்டுப் பிரித்தல் வேண்டும். ஓரறையே உள்ள கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் நேரத்தால் பிரித்தல் இயலும். வேலை முடிந்து வருவார்க்கு இரவில் இரண்டு மணி நேரமேனும் மௌன அறை திறந்திருத்தல் வேண்டும். நூலகத்தைச் சூழ்ந்த இடத்தை அமைதிப் பகுதியாக அறிவித்தற்கு உள்ளூர் நூலக ஆணைக் குழுக்கள் முயலுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், தமிழகத்தில் பொது வாசிப்பு குரலோடு பிறந்தது என்பதும், எந்திரத் தொழில் அக்குரலைத் தொழிற்கூடத்தினின்று அகற்றியது என்பதும், அத்தொழிலின் இரைச்சலே அமைதியை ஏழையர்க்கு அரும்பொருளாக்கியது என்பதும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரும்பொருளை ஊர்ப் பொதுவாக்க வழிசெய்தது என்பதும் பெறப்பட்டன. தறியும் தையல் எந்திரமும் ஓடும் ஊரில், மக்கள் வரிப்பணத்தால் எழுந்த ஒரு கூடத்தின் அமைதியை எளிதில் விட்டுவிடுதல் தகாது. அக்கூடத்தில் எழும் கதைக் குரலை அடக்குதலும் தகாது. இவ்விரண்டிற்கும் இடம் வகுக்கும் நூலகமே அரங்கநாதன் கூறிய வளரும் உயிரியாம்.